ஆள் நிற்கும் இடம்

ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பது ஒரு வேலை, எடுத்த ஆளை நிறுத்திக்கொள்வது வேறு வேலை என்று பிரித்துப் பார்ப்பதே வழக்கம். முதலாவதற்கு விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல். இரண்டாவதற்குச் சம்பள உயர்வு, போனஸ், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி. பெரிய நிறுவனங்களில் இவ்விரண்டையும் வெவ்வேறு ஆட்கள் கவனிக்கிறார்கள். சிறிய கடைகளில் முதலாளி ஒருவரே கவனித்தாலும் அவர் மனத்திலும் இரண்டும் தனித்தனியாகவே கிடக்கின்றன. ஆள் கிடைக்காதபோது காலத்தைக் குறை சொல்கிறார். கிடைத்த ஆள் போய்விட்டால் ஆளைக் குறை சொல்கிறார். தான் கொடுத்த வேலையைக் குறை சொல்பவர் அரிது. தொழில் வரலாற்றைப் பார்த்தால், ஆள் நிற்பதும் போவதும் ஆளின் குணத்தைவிட வேலையின் அமைப்பையே பெரிதும் சார்ந்திருப்பது தெரிகிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அந்த அமைப்பின் ஒரு பகுதிதான். எப்படி எடுத்தார்கள் என்பதில் எத்தனை நாள் நிற்பார் என்பதற்கான விடை பாதி இருக்கிறது.

இதற்கு நன்கு பதிவான சான்று அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் ஆலை. 1913இல் அங்கே நகரும் அசெம்பிளி லைன் வந்தது. அதற்கு முன் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் காரின் ஒரு பகுதியை முழுதாகப் பொருத்துவார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தான் செய்தது இன்னது என்று அவருக்குத் தெரியும். புதிய முறையில் ஒருவர் நாள் முழுக்க போல்ட்டைச் செருகினார், அடுத்தவர் நட்டை முடுக்கினார், வேலையின் வேகத்தை லைன் தீர்மானித்தது. கார்கள் வேகமாக இறங்கின. ஆட்களும் அதே வேகத்தில் வெளியேறினார்கள். அந்த ஓராண்டில் சுமார் 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த 52,000க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. விலகல் விகிதம் 370 சதவீதம். சராசரியாக ஒவ்வோர் இடத்துக்கும் ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கு பேர். அவ்வளவு பேரும் சோம்பேறிகளாக இருந்திருக்க முடியாது.

ஆள் போவதற்கு ஒரு விலை உண்டு என்பதே அந்தக் காலத்தில்தான் கணக்கில் ஏறத் தொடங்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த மேக்னஸ் அலெக்சாண்டர் பல ஆலைகளின் சேர்க்கை விவரங்களைப் பிரித்து ஆராய்ந்து, தேவைக்கு மேல் ஆள் எடுப்பதால் வரும் நட்டத்தை இனவாரியாக எழுதிக் காட்டினார். புது ஆளைப் பதிவேட்டில் ஏற்றும் எழுத்து வேலை, அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம், அவர் கையில் எந்திரம் படும் பாடு, குறையும் உற்பத்தி, கெட்டுப்போகும் பொருள் என்று அந்தப் பட்டியல் நீண்டது. இவற்றில் எதற்கும் தனி ரசீது கிடையாது. சம்பளம் மாதாமாதம் கணக்கில் தெரிகிறது. ஆள் போனதால் வந்த நட்டம் எங்கும் தெரிவதில்லை. ஆகவே ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுக்கத் தயங்கும் முதலாளி, அந்த ஆள் போனபின் இரண்டு மாத உற்பத்தி தடுமாறுவதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்கிறார்.

1914 ஜனவரி 5ஆம் தேதி ஃபோர்டு நிறுவனம் நாள் சம்பளம் ஐந்து டாலர் என்று அறிவித்தது. அதுவரை 9 மணி நேரத்துக்கு 2.34 டாலர், இனி 8 மணி நேரத்துக்கு 5 டாலர். ஒரு வாரத்துக்குள் ஆலை வாசலில் பல்லாயிரம் பேர் கடுங்குளிரில் திரண்டார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சப்பட்டது. 1915இல் விலகல் விகிதம் 16 சதவீதமாகச் சரிந்தது. லைன் அதே லைன்தான், நட்டும் அதே நட்டுதான். சலிப்பான வேலைக்கும் நல்ல கூலி கொடுத்தால் ஆள் நிற்பார் என்பது நிரூபணமாயிற்று. கூலியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிய பின்னும் நிறுவனத்தின் லாபம் கூடியது. நிலைத்து நின்ற ஆட்களால் மிச்சமான செலவுக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அந்த ஐந்து டாலர் முழுதும் கூலியாகக் கொடுக்கப்படவில்லை. ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அதைப் பெறத் தகுதி வேண்டும். ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், ஒழுங்காக வாழ வேண்டும். தொடக்கத்தில் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. தகுதியை உறுதிசெய்யச் சமூகவியல் துறை என்ற பெயரில் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதன் விசாரணையாளர்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போய்க் குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா, வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாரா என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். சம்பளத்துக்கு உழைப்பை விற்றவரிடம் வாழ்க்கையையும் சேர்த்துக் கேட்ட ஏற்பாடு அது. சில ஆண்டுகளிலேயே அந்தத் துறை செல்வாக்கு இழந்து மறைந்தது. நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்க 1941 வரை ஆனது. அதுவும் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே. பணம் ஆளை வாசலுக்குள் நிறுத்தும்; உள்ளே நிற்பவர் எந்த மனத்தோடு நிற்கிறார் என்பது வேறு பல காரியங்களைப் பொறுத்தது.

அந்தக் காரியங்களில் முதலாவது தேர்வு. தமிழ்நாட்டுக் கடைகளிலும் பட்டறைகளிலும் ஆலைகளிலும் ஆள் எடுக்கும் முறை இன்றும் பெரும்பாலும் ஒன்றே: ஏற்கெனவே வேலை பார்ப்பவர் தன் ஊரிலிருந்து ஒருவரை அழைத்து வருவார். இதில் நன்மை இருக்கிறது. அழைத்து வந்தவர் ஒருவகையில் ஜாமீன். புதியவர் தவறு செய்தால் இவர் முகத்தில் கரி. வேலை எப்படிப்பட்டது, முதலாளி எப்படிப்பட்டவர், சம்பளம் எத்தனாம் தேதி வரும் என்பதெல்லாம் புதியவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். வேலையைப் பற்றிய உண்மை தெரிந்து சேர்பவர், விளம்பரத்தை நம்பிச் சேர்பவரைவிட அதிக நாள் நிற்பார் என்பதற்கு ஆராய்ச்சித் துணையும் உண்டு.

இதே வழக்கத்தில் தீமையும் கூடவே வருகிறது. ஒரு ஊர், ஒரு சாதி, ஒரு உறவு வட்டம் என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போவார்கள். வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு வேலை காலியாக இருக்கும் செய்தியே போய்ச் சேராது. நகரத்து நிறுவனங்கள் இதற்கு விலக்கு என்ற நம்பிக்கையைச் சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகியோரின் ஆய்வு உடைத்தது. செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே அளவு தகுதியும் வெவ்வேறு பெயர்களும் கொண்ட விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாக வந்தது. 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் அந்த முடிவுகள் வெளியாயின. திறமைக்கே முதலிடம் என்று அறிவிக்கும் நிறுவனத்தில்கூட, பெயரைப் படித்த கணத்திலேயே பலருக்குக் கதவு மூடிவிடுகிறது. இதில் கெடுவது நியாயம் மட்டுமா? சரியான ஆளைத் தேடுகிற களமே சுருங்கிவிடுவதால் நிறுவனமும் கெடுகிறது.

திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து வரும் 51, 52ஆம் அதிகாரங்களான தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் இரண்டும் இந்தச் சிக்கலைத்தான் பேசுகின்றன. முன்னது ஆளைத் தேர்வது. பின்னது தேர்ந்த ஆளை வேலையில் வைப்பது. அறம், பொருள், இன்பம், உயிர்பற்றிய அச்சம் என்ற நான்கிலும் ஒருவரைச் சோதித்துத் தேற வேண்டும் என்கிறது முதல் அதிகாரம். பரிமேலழகர் உரை இவற்றை அரசன் ஆள் வைத்து நடத்தும் நான்கு சோதனைகளாகவே விவரிக்கிறது. அன்பு காரணமாக அறிய வேண்டியதை அறியாதவரைத் தெளிவது மடமை என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது. சொந்தக்காரரைக் கல்லாவில் உட்காரவைத்துக் கடை கெட்ட கதைகள் எல்லா ஊரிலும் இருப்பதால் இதற்கு விளக்கம் தேவையில்லை. அதைவிடக் கூர்மையானது குறையே இல்லாத ஆளைத் தேடாதே என்ற பார்வை. நிறைவாகக் கற்றவரிடமும் அறியாமை சிறிது இருக்கும். குணத்தையும் குற்றத்தையும் சேர்த்து எடைபோட்டு எது மிஞ்சுகிறதோ அதை வைத்து முடிவுசெய்ய வேண்டும். வேலை விளம்பரங்களில் ஒருவரிடமே இருக்க வேண்டிய பத்துத் தகுதிகளை அடுக்குபவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

சோதனை எப்படி நடக்க வேண்டும்? பரோட்டாக் கடைக்கு மாஸ்டர் எடுக்கும்போது யாரும் அவருடைய சான்றிதழைக் கேட்பதில்லை. மாவைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார்கள். வீச்சு எவ்வளவு மெல்லிசாக வருகிறது, கல்லில் எத்தனை எண்ணெய் விடுகிறார், அடுக்கித் தட்டும்போது இதழ் பிரிகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லரை மெஷினில் உட்காரவைத்து ஓவர்லாக்கோ பிளாட்லாக்கோ அடித்துக் காட்டச் சொல்கிறார்கள். இந்த எளிய வழக்கத்துக்கு ஆய்வு நூல்கள் கொடுக்கும் மதிப்பு அதிகம். 1998இல் பிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் ஆகிய உளவியலாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னாளில் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதைச் சொல்லும் சிறந்த அளவைகளில் ஒன்றாக வேலையையே செய்து காட்டும் சோதனை அமைந்தது. படித்த ஆண்டுகள், அனுபவ ஆண்டுகள் போன்றவை பட்டியலில் கீழே இருந்தன.

படிப்பு வேலைகளில்தான் சோதனை தடுமாறுகிறது. அங்கே நேர்காணல் என்பது பெரும்பாலும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்ப்பது. கேட்பவருக்குத் தோன்றியதைக் கேட்கிறார். ஒருவரிடம் ஊர், குடும்பம், கிரிக்கெட். அடுத்தவரிடம் ஜாவா, எக்செல். சரளமாகப் பேசுபவர் திறமைசாலியாகவும் தயங்குபவர் தகுதியில்லாதவராகவும் தோற்றமளிக்கிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி இந்த இடத்தில்தான் விழுகிறார். எல்லோரிடமும் வேலை சார்ந்த ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் அப்போதே மதிப்பெண் போட்டு, கடைசியில் கூட்டிப் பார்ப்பது இதற்கான மாற்று. 2022இல் பால் சாக்கெட்டும் மற்றவர்களும் பழைய தரவுகளைத் திருத்தி மதிப்பிட்டபோது, கட்டமைக்கப்பட்ட இத்தகைய நேர்காணலே பட்டியலின் தலையில் வந்தது. அது கேட்பவரின் உள்ளுணர்வுக்குக் கடிவாளம் போடுகிறது. அதனால்தான் பல மேலாளர்களுக்கு அது பிடிப்பதில்லை. ஆளைப் பார்த்தாலே தெரியும் என்ற பெருமையை யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அரசு இந்தப் பெருமைக்கு இடம் கொடாமல் தேர்வு எழுதச் சொல்கிறது. இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில்தான் 1929இல் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இன்றைய டிஎன்பிஎஸ்சி அதன் தொடர்ச்சி. சிபாரிசை விலக்குவதில் எழுத்துத் தேர்வுக்கு நிகரில்லை. இட ஒதுக்கீட்டோடு சேர்ந்து, தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லாத குடும்பத்திலிருந்தும் ஓர் அதிகாரி வர அது வழிசெய்தது. ஆனால் பொது அறிவு வினாத்தாள், கிராம நிர்வாக அலுவலராக வருபவர் வாசலில் நிற்கும் கிழவியிடம் எப்படிப் பேசுவார் என்பதைச் சொல்லாது. எந்தத் தேர்வு முறையும் ஒரு பிழையைத் தவிர்க்க இன்னொரு பிழையை ஏற்றுக்கொள்கிறது. அந்த இரண்டாவது பிழையைச் சரிசெய்ய வேண்டியது பயிற்சி.

ஆளைத் தேடுவதைவிட ஆக்குவது மேல் என்று முடிவெடுத்த நிறுவனங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உலகறிந்தது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், தம் 58ஆவது வயதில், மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கண்புரை அறுவைக்குத் தேவையான செவிலியர் அத்தனை பேர் வெளியில் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. ஆகவே சுற்றுக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த பெண்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து இரண்டாண்டு பயிற்சி அளிப்பது என்று ஏற்பாடாயிற்று. இந்தப் பயிற்சியை நிறுவனரின் தங்கை டாக்டர் நாச்சியார் முன்னின்று வளர்த்தெடுத்தார். நேர்காணலுக்குப் பெண் தனியாக வருவதில்லை. பெற்றோரும் வருகிறார்கள், அவர்களிடமும் பேசுகிறார்கள். மதிப்பெண்ணைவிட உழைக்கும் பழக்கமும் நோயாளியிடம் காட்டும் பொறுமையும் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. முன்னதைப் பயிற்சியால் ஈடுகட்டலாம், பின்னதைக் கொடுக்கும் பயிற்சி இன்னும் யாரிடமும் இல்லை என்பது அதன் பின்னுள்ள கணக்கு.

அறுவை அரங்கில் இதன் பலனைப் பார்க்கலாம். ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தொடர்கிறார். மருந்து விடுவது, கருவிகளைக் கிருமிநீக்கி வரிசையில் வைப்பது, உரிய நொடியில் கையில் கொடுப்பது, நோயாளியை எழுப்பி நடத்திச் செல்வது எல்லாம் பயிற்சி பெற்ற அந்தப் பெண்களின் பொறுப்பு. பார்வை அளவிடுவது, அறுவைக்குப் பயப்படும் முதியவரிடம் பேசித் தைரியம் சொல்வது போன்ற வேலைகளும் அவர்களுடையவை. மருத்துவர் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைச் செய்கிறார். இதனால் அங்கே ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்ய முடிகிறது. எந்த வேலையை எந்த வழியில் எவர் முடிப்பார் என்று பார்த்து அதை அவர் பொறுப்பில் விட்டுவிட வேண்டும் என்ற குறளின் அறிவுரைக்கு இதைவிடக் கச்சிதமான நடைமுறை உதாரணம் கிடைப்பது கடினம்.

அரவிந்தில் ஆள் போவதே இல்லை என்று சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற பெண்களில் பலர் திருமணத்தோடு விலகுகிறார்கள். மருத்துவர்களில் பலர் சில ஆண்டுகளில் சொந்தக் கிளினிக் போடவோ தனியார் மருத்துவமனைக்கோ போகிறார்கள். ஆனால் இந்த விலகலை எதிர்பார்த்தே அமைப்பு கட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் புதிய அணி பயிற்சிக்கு வருகிறது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது வேலையின் பகுதி. நடைமுறை ஒருவர் தலையில் தங்காமல் எல்லோர் கையிலும் இருக்கிறது. பெண் திருமணமானால் போய்விடுவாள் என்பதை இயற்கை விதிபோல எடுத்துக்கொள்வது சரியா என்ற கேள்வி அங்கும் மிஞ்சத்தான் செய்கிறது. குழந்தைக் காப்பகமும் வேலை நேரத்தில் நெகிழ்வும் இருந்தால் அந்தப் பெண்களில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பதை எந்த நிறுவனமும் முயன்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆளைத் தானே ஆக்கும் இதே பாதையில் மென்பொருள் துறையில் சோஹோ நிறுவனம் கல்லூரிப் பட்டம் இல்லாத இளைஞர்களை, பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து, உதவித்தொகையோடு தன் பள்ளியிலேயே பயிற்றுவித்து வேலை கொடுத்துவருகிறது. தென்காசிப் பக்கத்துப் பையனுக்குச் சென்னைக்கு வராமலே அந்த வேலை கிடைக்கிறது என்பது அவன் நிற்பதற்கு ஒரு காரணம்.

ஆள் நிற்பதற்கான மற்றக் காரணங்கள் பெரும்பாலும் சிறியவை, கண்ணில் படாதவை. துணிக்கடையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சேலையை விரித்துக் காட்டும் விற்பனையாளர் உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது. மேற்பார்வையாளர் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். கால் நரம்பு சுருண்டு வீங்குவது, சிறுநீர் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அதனால் வரும் நோய்கள் ஆகியவை அந்த வேலையோடு சேர்ந்தே வந்தன. சென்னைத் துணிக்கடை ஊழியரின் வாழ்வை வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு' படத்தில் காட்டினார். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள் பி. விஜியின் தலைமையில் உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் விளைவாகக் கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஒரு ஸ்டூல் போடச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. அந்தக் கடைகள்தான் ஆள் நிற்பதில்லை என்று ஆண்டு முழுக்க வாசலில் ஆட்கள் தேவை பலகை வைத்திருக்கின்றன.

2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஐபோன் தயாரித்த ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. உலகின் மிக நுட்பமான உற்பத்திச் சங்கிலிகளில் ஒன்றை நிறுத்தியது ஒரு விடுதியின் சமையற்கட்டு. ஆலைக்குள் எவ்வளவு ஒழுங்கு இருந்தாலும், எட்டு மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பெண் எங்கே தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்பதும் அவளை நிறுத்தும் அல்லது துரத்தும். இது தொழிலாளியின் வீட்டை உளவு பார்த்த ஃபோர்டு முறைக்கு நேர் எதிர். அங்கே நிறுவனம் கேட்கத் தேவையில்லாததைக் கேட்டது. இங்கே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது.

நிறுத்துவதற்கும் கட்டிவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாட்டுத் தொழில் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. செங்கல் சூளையில் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே பருவம் முழுக்கப் பிடித்துவைப்பது பழைய வழி. கொத்தடிமை முறையை 1976இன் சட்டம் ஒழித்த பின்னும் அந்த வழி பல இடங்களில் தொடர்கிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இன்னொரு வழி வந்தது. திருமணமாகாத இளம்பெண் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது பேச்சு. நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் அந்தத் தொகையும் போயிற்று. அது அவள் சம்பளத்திலிருந்தே பிடித்துவைத்த பணம் என்பதைப் பல குடும்பங்கள் கடைசியில்தான் உணர்ந்தன. படிப்புச் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொள்ளும் அலுவலகங்களும் கல்லூரிகளும் செய்வது இதன் நாகரிக வடிவம்.

கட்டிவைப்பது அறத்துக்கு மட்டுமா விரோதம்? அது பலிப்பதும் இல்லை. குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் வேலைக்குச் சேரும்போது தறிக்காரருக்கு முதலாளி கொடுக்கும் முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். மானிடவியலாளர் கீர்ட் டி நெவ் அங்கே தங்கி ஆய்ந்து 1999இல் எழுதிய கட்டுரை, இந்தப் பாக்கி முதலாளி நினைத்தபடி ஆளைப் பிணைக்கவில்லை என்று காட்டியது. தறிக்காரர் அடுத்த கூடத்துக்குப் போய் அதிகப் பாக்கி கேட்பார். ஆள் தட்டுப்பாட்டில் தவிக்கும் அந்த முதலாளி பழைய பாக்கியைத் தீர்த்து அவரை எடுத்துக்கொள்வார். எல்லா முதலாளிகளும் எல்லோருக்கும் பாக்கி கொடுத்துக்கொண்டே போனார்கள். ஆள் நிற்பது என்னவோ முன்போலவே இருந்தது. கடனால் கட்டப்பட்டவர் கடன் தீரும் நாளை எண்ணிக்கொண்டு வேலை பார்ப்பார், அல்லது கடனைக் கட்டும் வேறொருவரைத் தேடுவார். இரண்டிலும் வேலை மேல் கவனம் இருக்காது.

ஆள் நிற்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனம் தானும் நிற்க வேண்டியிருக்கிறது. டெட்ராய்ட்டில் ஐந்து டாலர் கொடுத்த அதே ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகரில் ஆலை அமைத்து, இந்தியாவில் நட்டம் என்று 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தது. 2022இல் கடைசிக் கார் வெளியேறியது. அங்கேயே முழு வேலை வாழ்க்கையையும் கழிப்போம் என்று இருந்தவர்கள் இழப்பீட்டுத் தொகைக்காகப் போராட வேண்டியதாயிற்று. விசுவாசம் என்பதை ஊழியரிடம் மட்டும் எதிர்பார்க்கும் வழக்கத்தின் போதாமை அப்போது பளிச்சென்று தெரிந்தது. முறையான இழப்பீடு, முன்னறிவிப்பு, பேச்சுவார்த்தைக்கு ஒரு சங்கம் ஆகியவை நல்ல காலத்திலேயே இருந்தால், கெட்ட காலத்தில் நிறுவனத்தின் சொல்லுக்கு மதிப்பிருக்கும். சங்கம் வைத்தால் ஆள் கெட்டுப்போவார் என்று அஞ்சும் நிர்வாகங்கள், குறையைச் சொல்ல வழியில்லாத ஆள் சொல்லாமலே போய்விடுவார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சோதிக்காமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்று தெரிந்துதெளிதல் அதிகாரம் முடிகிறது. இன்றைய நிறுவனங்கள் இவ்விரண்டையும் சேர்த்தே செய்கின்றன. அரைமணி நேரப் பேச்சில் ஆளை எடுத்துவிட்டு, பிறகு கைரேகை எந்திரம், கேமரா, கணினித் திரையைக் கண்காணிக்கும் மென்பொருள் என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்படுகின்றன. வரிசை தலைகீழாக வேண்டும். எடுக்கும்போது நேரம் செலவழித்து, வேலையைச் செய்யவிட்டுப் பார்த்து, வேலையின் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லி எடுக்க வேண்டும். எடுத்தபின் கற்றுக்கொடுத்து, உரிய கூலி கொடுத்து, உட்கார இடம் கொடுத்து, பொறுப்பைக் கையில் விட்டுவிட வேண்டும்.

ஓராண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறது. எத்தனை பேர் போனார்கள், சேர்ந்து எத்தனையாவது மாதத்தில் போனார்கள், எந்த மேற்பார்வையாளரின் கீழ் இருந்தவர்கள், எங்கே போனார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்ற கணக்கை எழுதி வைத்திருப்பவர்கள் குறைவு. ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லும் ஒவ்வொரு நிர்வாகமும் அடுத்த விளம்பரம் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். எழுதி முடிக்கும்போது திருத்த வேண்டியது ஆளையா வேலையையா என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.